குரூப்பை விட்டுப் போன ஈரக்குடை

மூக்குக் கண்ணாடிக் கடையின் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் போர்டு நின்றது. 'லிஃப்ட் வேலை நடக்கிறது' என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு கருவிப் பெட்டி. அதன்மேல் ஒருவன் அவன் பாட்டுக்கு உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையிலிருந்து கடைக்குள் நின்று நின்று அவளுக்குக் கால் கடுத்துப் போயிருந்தது. சண்டை போடக்கூடத் தெம்பில்லை. ஆனாலும் சில சண்டைகளைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

"ஏங்க, லிஃப்ட் அந்தப் பக்கம் இருக்கு. போர்டு எங்க வாசல்ல எதுக்கு?"

"அங்க சாரல் அடிக்குதுங்க. நனைஞ்சிடும்."

"அப்ப எங்க கடைக்கு ஆள் வர வேண்டாமா?"

"இந்த மழையில கண்ணாடி வாங்க யாருங்க வர்றா?" என்றான், தலையை நிமிர்த்தாமலே.

உண்மைதான். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. திருப்பிக் கொடுக்க ஒரு வார்த்தையைத் தேடும்போதுதான் கவனித்தாள்... கையை முழுசாக நீட்டி, போனை எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தான்.

"கை இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா நல்லா இருக்கும், இல்ல?"

அவன் நிமிர்ந்தான். சிரிப்பு வருவதற்கு முன்னாலேயே கண்ணோரம் சுருங்கியது.

"கை நீளம்னு பேர் வாங்கிட்டா வேலை போயிடுங்க."

"அப்ப உள்ள வாங்க. போர்டை லிஃப்ட் பக்கமே வெச்சுட்டு வாங்க."

கடை அவளுடைய அக்கா வீட்டுக்காரருக்குச் சொந்தம். கண் பார்த்து பவர் சொல்வது அவள் வேலை. 'இது நல்லாத் தெரியுதா? இதுவா?' ஒரு நாளில் இந்த இரண்டு கேள்வியையும் எத்தனை தடவை கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. தூக்கத்தில்கூடக் கேட்கிறாளாம், அக்கா சொல்லிச் சிரிப்பாள். முதலில் அம்மாவின் வைத்தியம், அப்புறம் அக்காவின் பிரசவங்கள், அப்புறம் கடை என்று சொல்லி, வந்த வரன் ஒவ்வொன்றையும் தள்ளிப் போட்டதில், நாற்பது எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. யார்மீதும் வருத்தமில்லை. அலுப்புதான்... உடம்பில் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாத அலுப்பு.

அந்த அலுப்புக்கு நடுவே ஒரு காலத்தில் 'மடிச்ச பக்கம்' இருந்தது. போனில், புத்தகம் படிக்கிறவர்களின் குரூப். பேர் சொல்லக்கூடாது, படம் போடக்கூடாது, என்ன வேலை என்று கேட்கக்கூடாது. அங்கே அவள் 'ஈரக்குடை'. கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பது பாவமா இல்லையா என்று நாள்கணக்கில் அடித்துக்கொள்வார்கள். 'தூக்கக்கலக்கம்' என்றொருவர் எந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டாலும், "நாலாம் பக்கத்துல தூங்கிட்டேன், அருமையான புத்தகம்" என்பார். இன்னொருவன் 'பாதிப்பக்கம்'. எந்தப் புத்தகத்தையும் பாதியில் வைத்துவிட்டு, ஏன் வைத்தேன் என்று நியாயமாக விளக்கம் சொல்லுகிறவன்.

"முழுசாப் படிக்காம தீர்ப்பு சொல்றது அநியாயம்" என்று இவள் எழுதுவாள்.

"பல்லு உடைஞ்சப்புறமும் கல்லைக் கடிக்கச் சொல்றீங்களே மேடம்" என்று அவன் எழுதுவான்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போவாள். போனைத் திறந்ததும் கண் முதலில் தேடுவது அந்தப் பேரைத்தான். அது என்ன மாதிரியான தேடல் என்று யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் துணிந்து, தானே எழுதிய ஒரு கதையைக் குரூப்பில் போட்டாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஒரு பெண் கதை. யாராவது ஒருவருக்கு இடம் விட்டுவிட்டு, வருகிற பஸ்ஸை எல்லாம் போகவிடுகிறவள். எல்லாரும் பாராட்டினார்கள். பாதிப்பக்கம் மட்டும் எழுதினான்: "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இந்தப் பொண்ணு ஏன் எல்லாத்தையும் இப்படிப் பொறுத்துக்கிட்டே நிக்கிறா? எழுதினவங்களுக்கு அவ மேல கோபமே வரலையா? பாதியில வெச்சுட்டேன்."

பஸ்ஸில் இருந்தபடியே அதைப் படித்தாள். அன்றைக்கே குரூப்பை விட்டு விலகினாள். அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை.

இல்லை, ஒன்றே ஒன்று செய்தாள். கடையில் கிட்டத்து எழுத்து தெரிகிறதா என்று படித்துப் பார்க்கக் கொடுக்கும் அட்டை மங்கிப் போயிருந்தது. புதிதாக ஒன்று அடிக்கச் சொன்னார் அத்தான். அவள் அந்தக் கதையின் முதல் பத்தியை எடுத்து, வரிக்கு வரி எழுத்தைச் சின்னதாக்கி அடித்து ஒட்டினாள். யாருக்குத் தெரியப் போகிறது...

லிஃப்ட் மெக்கானிக்கின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். எத்தனையோ கண்களை இப்படிக் கிட்டத்தில் பார்த்தவள்தான். இந்தக் கண்ணில் இமையோரமெல்லாம் தூக்கம் இல்லாத சிவப்பு. நடுவில் நல்ல காப்பிப் பழுப்பு, அதைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம். சோர்ந்த கண்தான், ஆனால் எதிரில் இருப்பவரை விட்டு நகராத கண். அவளுக்கு என்னவோ போல் இருந்தது. டார்ச்சைச் சட்டென்று அணைத்தாள்.

ஒரு லென்ஸைப் போட்டு அட்டையைக் கையில் கொடுத்தாள்.

முதல் வரி படித்தான். இரண்டாவது வரியில் குரல் தயங்கியது. பிறகு நிற்கவே இல்லை. மூன்று, நான்கு... பொடி எழுத்துக் கடைசி வரி வரைக்கும் தங்கு தடையில்லாமல் வந்தது. அட்டையில் இடம் பத்தாமல் அவள் வெட்டியிருந்த வாக்கியத்தையும் சேர்த்து முடித்தான்.

அந்த வார்த்தைகள் அட்டையில் இல்லவே இல்லை.

"இதை... எங்க படிச்சீங்க?"

"ஒரு குரூப்ல. எழுதினவங்க இப்ப அங்க இல்லீங்க. நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன், அதுல மனசு நொந்து போயிட்டாங்க." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது இங்க எப்படி வந்துச்சு?"

மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது அவளுக்கு. பாதிப்பக்கம்... இவனா? கிரீஸ் படிந்த விரலோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் இவனா?

"கம்பெனியில இருந்து வர்ற அட்டைங்க" என்றாள்.

"எந்தக் கம்பெனி? எழுதினவங்க கதையைத் திருடியிருக்காங்க. சும்மா விடக்கூடாதுங்க இதை."

"நாங்க விசாரிக்கிறோம்" என்று சொல்லி, கைக்கு வந்த பவரைச் சீட்டில் கிறுக்கி அனுப்பிவைத்தாள். மனப்பாடமாக ஒப்பித்தவனுக்கு, எழுத்து தெரிந்தது என்று பவர் போட்டுவிட்டாள். இத்தனை வருட அனுபவத்தில் அவள் செய்யாத தப்பு அது. ஆனால் தனக்காக ஒருவன் சண்டைக்குக் கிளம்பிய நாளில் வேறு என்ன செய்வாள், பாவம்.

அடுத்த வாரம் அவன் வந்து நின்றான். மூக்கில் புதுக் கண்ணாடி, நெற்றியில் கை.

"தலைவலி பின்னியெடுக்குதுங்க. இதைப் போட்டாலும் ஒண்ணும் தெரியல. ஆனா அது அப்புறம். அந்தக் கம்பெனி விலாசம் கொடுங்க."

கல்லாவில் இருந்த அத்தான் எட்டிப் பார்த்தார். "என்ன கம்பெனி தம்பி?"

"இந்த அட்டை அடிச்ச கம்பெனிங்க."

"அட, கம்பெனியாவது ஒண்ணாவது. இதோ நிக்கிறாளே எங்க கொழுந்தியா, இவதான் கம்ப்யூட்டர்ல அடிச்சா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் அவளையே பார்த்தான்.

"நீங்களா? அந்தக் குரூப்ல இருந்து நீங்களா எடுத்தீங்க?"

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான்தான் ஈரக்குடை என்று. ஆனால் 'பாதியில வெச்சுட்டேன்' என்று சொன்னவன் முன்னால் போய், அதை எழுதியது நான்தான் என்று கையைக் கட்டி நிற்பதா?

"ஆமா. எடுத்தேன்."

அவன் கத்துவான் என்று நினைத்தாள். கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினான். எல்லாத் தெம்பும் ஒரே நேரத்தில் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது முகம்.

"அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுடுங்க. அவங்க எப்பவாவது பார்த்தா இன்னும் நொந்துடுவாங்க. நான் பேசினது போதும்."

"யாரோ முகம் தெரியாத ஒருத்தங்களுக்காகவா தம்பி இவ்வளவு?" என்றார் அத்தான்.

"முகம் தெரியாதுதாங்க." கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தான். "நான் அந்தக் கதையைப் பாதியில வைக்கல. பொய் சொன்னேன். முழுசாப் படிச்சேன், திரும்பத் திரும்பப் படிச்சேன். எங்கப்பா படுத்த படுக்கையா இருந்தாரு. அவரைப் பார்த்துக்கிட்டதுல எனக்கும் அப்படித்தான், வந்த பஸ் எல்லாம் போயிடுச்சு. என்னைப் பத்தி யாரோ எழுதிட்டாங்கன்னு என் மேல வந்த கோபத்தை அவங்க மேல காட்டிட்டேன். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள்ள நின்னுட்டு மேல வந்ததும் அவங்க என்ன எழுதியிருக்காங்கன்னுதான் முதல்ல பார்ப்பேன். இப்ப பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

அத்தான் இவளைப் பார்த்தார். மனுஷர் கண்ணாடிக் கடைக்காரர், கண்ணைப் படிக்கத் தெரியாதவர் இல்லை. "டீ சொல்லிட்டு வரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்கு நடந்தார்.

கடையில் இருவர் மட்டும். மழை கொஞ்சம் ஓய்ந்து, கண்ணாடிக் கதவில் நீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. இப்போதும் பேசாவிட்டால் இதுவும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கோபம் வந்துச்சு" என்றாள்.

"என்னங்க?"

"கேட்டீங்களே, எழுதினவங்களுக்கு அவ மேல கோபமே வரலையான்னு. நிறைய வந்துச்சு. அதை எப்படி எழுதறதுன்னுதான் தெரியல."

அவன் துடைப்பதை நிறுத்தினான். கண்ணாடி இல்லாத கண்ணால், கிட்டத்தில் இருந்த அவள் முகத்தைப் பார்க்க முயன்றான். கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்த்தான். அந்தக் கண்கள் மெல்ல விரிவதை, நிரம்புவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஈரக்குடை..."

"ம்."

"நீங்களே உங்களைத் திருடின்னு ஒத்துக்கிட்டீங்களா?"

"நீங்க பாதியில வெச்ச கதைக்கு, நான்தான் சொந்தக்காரின்னு சொல்ல ரோஷம் விடல."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "மன்னிச்சிடுங்க. அவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியாது. யாரோ ஒருத்தன், எங்கேயோ இருந்து சொன்னதுதானேன்னு விட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"யாரோ சொல்லியிருந்தா விட்டிருப்பேன்" என்றாள். குரல் உடைந்தது. அதை மறைக்க இந்த முறை அவள் முயலவில்லை. "அந்தக் கதையை எழுதறப்போ, முதல்ல படிக்கணும்னு ஒருத்தரைத்தான் நினைச்சேன். அவருக்காகத்தான் எழுதினேன். அவரே பாதியில வெச்சுட்டேன்னா... அப்புறம் அங்க எனக்கு என்ன வேலை?"

அவன் கண்ணாடியை மடித்து மேசையில் வைத்தான். பிறகு, பதிலுக்குப் பயப்படுகிறவன் மாதிரி மெதுவாகக் கேட்டான்.

"இப்ப நான் யாருங்க?"

"இப்பவும் யாரோ இல்ல" என்றாள் அவள்.