மிதிங்க... பிடிங்க...

“சாவியைக் கொடுங்க.”

“தர முடியாது.”

பட்டறையின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பழைய பிக்கப்புக்கு இந்தப் பக்கம் சாவியோடு அவள். அந்தப் பக்கம் அவன்.

அவன் தேனீ வளர்க்கிறவன். வண்டியை வாங்கி ஒரு நாள்தான் ஆகிறது. இதற்கு முன் யார் ஓட்டினார்கள், எதை எப்போது மாற்றினார்கள், ஒன்றும் தெரியாது. எல்லா ஆயிலையும் மாற்றித் தரும்படி காலையில் கேட்டவனும் அவன்தான். பட்டறை நடத்தும் அவள் அப்பா கை முறிந்து வீட்டில் இருந்ததால் அங்கே அவள் மட்டும்தான். எஞ்சின் ஆயில் தாராக இறங்கியது. கூலண்ட் துருத் தண்ணீராக வந்தது. இரண்டையும் மாற்றிவிட்டு, பிரேக் ஆயில் மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அத்தனை கறுப்பு...

அந்த நேரம் பார்த்து அவனுக்கு போன். அவன் தேனீப் பெட்டிகள் இருக்கும் மலைத்தோட்டத்தில் மறுநாள் விடிந்ததும் பூச்சிமருந்து அடிக்கிறார்களாம். தேனீக்கள் கூடடையும் அந்திக்குள் போய், எல்லாவற்றையும் கீழே இறக்கியாக வேண்டும்.

ஏறிவிடலாம், இந்த பிரேக்கை நம்பிப் பாரத்தோடு இறங்க முடியாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை.

“உங்களுக்கு இது ஒரு வேலை. எனக்கு அதுங்க உயிர்.”

சுருக்கென்றது அவளுக்கு. பதில் சொல்வதற்குள் சட்டைப்பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பிவிட்டான். அவள் நேரே போய் வாசலில் நின்றாள். நிறுத்துவான் என்று நினைத்தாள்...

நிறுத்தத்தான் பார்த்தான். மிதித்த பெடல் பொதபொதவென்று உள்ளே போனது. மறுபடி மிதித்தான். கைப்பிரேக்கை வெடுக்கென்று இழுத்தான். வண்டி அவள் துப்பட்டாவை உரசிக்கொண்டு நின்றது.

இறங்கி வந்தவனின் முகத்தில் ரத்தமே இல்லை. திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தவள், நனைந்த இமைகளுக்குள் அந்தக் கண்கள் கலங்கியதைப் பார்த்து மறந்துபோனாள். ஐயோ, இப்படியா பார்ப்பது...

“ஏறி உட்காருங்க. நான் சொல்றப்ப மிதிக்கணும்” என்றாள்.

சக்கரத்தடியில் அவள், பெடலில் அவன் கால். மிதிங்க... பிடிங்க... விடுங்க... குழாயில் பழைய கறுப்பு பிரேக் ஆயிலோடு காற்றுக் குமிழிகள் வந்தன. மூன்று சக்கரங்கள் முடிந்தன. நாலாவதில் ஆயிலை வெளியே விடும் திருகு துருவேறி அசைய மறுத்தது. உடைந்தால் இன்று வண்டி நகராது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேனரை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

மேலேயிருந்து அவன் குரல் மெதுவாக வந்தது. “அவசரமில்லங்க. நிதானமாப் பண்ணுங்க.”

உயிராய் நினைத்த தேனீக்களை வைத்துக்கொண்டு அவசரமில்லை என்கிறானே... மூச்சைப் பிடித்துத் திருப்பினாள். திருகு இளகியது. தேன் நிறத்தில் புது ஆயில் வடிந்தது.

பெடலை அழுத்திப் பார்த்தான், கல்லாக நின்றது. மன்னிப்புக் கேட்டான். இறக்கத்தில் கியரைக் குறைத்தே வரச் சொன்னாள், அவன் முகத்தைப் பார்க்காமல். வண்டி மறைந்த பிறகும் மழையில் நின்றாள். அன்றிரவு கண்ணை மூடினாலே மலை வளைவுகள்தான்...

மறுநாள் மதியம் பிக்கப் வாசலில் வந்து நின்றபோது, அவள் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. பெட்டிகள் எல்லாம் பத்திரம் என்றான்.

“வண்டியில என்ன கோளாறு?”

“ஒண்ணுமில்ல. அதான் கஷ்டமாப் போச்சு. ஏதாவது ஒரு ஆயிலை மாத்தாம விட்டிருக்கலாம் நீங்க... அதைச் சொல்லிக்கிட்டாவது வந்திருப்பேன்.” தயங்கினான். “வாசல்ல நின்னீங்களே... அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேற நினைப்பே இல்லைங்க.”

அவள் ஆயில் கறைக் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஒன்றுமில்லாமல் போன பிறகுதான் நிமிர்ந்தாள்.

“நான் மட்டும் ராத்திரி தூங்கினேனா?”