ஏழாம் நம்பர் மழைப் பாத்தி

செல்போன் அலறியது.

சனிக்கிழமை காலை ஏழு மணி. சோல்வை சமையலறைத் தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். எலுமிச்சைத் தோலால் இரண்டு கைகளையும் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"சோல்வை! உடனே ஆத்தங்கரைக்கு வா!"

லோனெ. ஓடென்ஸே மாநகராட்சியின் மழைநீர்ப் பிரிவுத் தலைவி. சோல்வையின் மேலதிகாரி.

"என்னாச்சு?"

"பிணம்!"

"யாரு?"

"மீனு! முப்பதுக்கு மேல... வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்குது! ஜாகிங் போனவங்க பாத்துட்டுப் போலீசுக்குச் சொல்லிட்டாங்க. டிவிக்காரங்க வேற வந்து நிக்கிறாங்க. எல்லாரும் நீ தெருவுக்குத் தெரு போட்ட மழைப் பாத்தியைத்தான் கை காட்டுறாங்க. பாத்தி எல்லாத்தையும் தோண்டி எடுத்துடுங்கன்னு இப்பவே சத்தம் போடுறாங்க!"

"வர்றேன்."

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் துளிக்கூடப் பதற்றம் இல்லை.

ஐம்பத்தாறு வயது. கணவனை இழந்தவள். ஏழு வருடமாக ஒரே ஒரு ஆளை நினைத்துக்கொண்டு எழுந்து, அதே ஆளை நினைத்துக்கொண்டு படுக்கப் போகிறவள். அவளுக்குப் பதற்றம் எங்கிருந்து வரும்?

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தாள்.

*

ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். நாணல் ஓரமாக மீன்கள் வெள்ளை வயிற்றோடு ஒதுங்கிக் கிடந்தன. இன்ஸ்பெக்டர் கோர்ம் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு மீனைக் குச்சியால் புரட்டிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாப்பா பூந்தோட்டக்காரி!"

அந்தக் குரல்!

சோல்வை திரும்பாமலே தெரிந்துகொண்டாள். பிரெபென். குரோம் முலாம் பூசும் பட்டறையின் முதலாளி. மீன்பிடிச் சங்கத்தின் தலைவன். அறுபது வயது, முன்னால் தள்ளிய தொப்பை, அதற்கும் முன்னால் தள்ளிய வாய்.

"தெருவுல விழுற மழைத் தண்ணி பூரா இவ பாத்திக்குள்ள இறங்குமாம். மண்ணும் வேரும் அழுக்கைப் பிடிச்சு வச்சுக்குமாம். ஆறு கண்ணாடி மாதிரி ஆயிடுமாம்! நானே நம்பி ரிப்பன் வெட்டினேன். இப்ப பாருங்க லட்சணத்தை!"

"ரிப்பன் மட்டுமா வெட்டினே? கையெழுத்தும் போட்டியே பிரெபென்."

"அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. படிச்சுப் பாத்துட்டுதான் போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

பிரெபென் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "அன்னிக்கு ஐவின் மருந்தைக் கொட்டிக் கொன்னான். இன்னிக்கு இவ பூச்செடி வச்சுக் கொன்னுட்டா. நல்ல ஜோடி!"

சுருக்கென்றது சோல்வைக்கு.

ஐவின். அவள் கணவன். சங்கத்தின் பழைய தலைவன். ஒவ்வொரு வசந்தத்திலும் மீன்குஞ்சுகளைத் தன் கையாலேயே ஆற்றில் விட்டவன். ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு மழை நாளில் ஆற்று மீன்கள் கூண்டோடு செத்தன. 'குஞ்சுத் தொட்டி கழுவுற மருந்து டிரம்மை ஐவின் ஆத்துல கவுத்ததை என் கண்ணால பாத்தேன்' என்று போலீசில் எழுதிக் கொடுத்தான் பிரெபென்.

ஊரே ஐவினைக் காறித் துப்பியது. ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் காலை காபிக் கோப்பையோடு மேஜையில் சாய்ந்த மனிதன் எழவே இல்லை.

அவனுடைய சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் பிரெபெனும் ஒருவன். பாவி, அழவும் செய்தான்!

சோல்வை டிவி கேமராவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"வியாழக்கிழமை பேஞ்ச பேய் மழையில ஒரு பாத்தி நிரம்பி வழிஞ்சிருக்கணும். வழிஞ்சதுதான் ஆத்துக்குப் போயிருக்கு. மிச்ச விஷம் இன்னும் மண்ணுலதான் இருக்கு. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லாப் பாத்தியிலயும் மண்ணெடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப் போறேன்."

"மண்ணுலயா?" பிரெபெனின் குரல் கொஞ்சம் இறங்கியது. "தண்ணியோட போயிடாது?"

"போகாது. ரோட்டு எண்ணெய், டயர் தூள், உலோகம்... யாரு எதை ஊத்தினாலும் தண்ணி நுழையிற வாய்கிட்டயே, மேல ஒரு சாண் மண்ணுலயே தங்கிடும். வருஷக்கணக்கா அப்படியே இருக்கும். அதுக்குத்தானே பிரெபென் பாத்தி?"

அவன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் துடைத்தான். காற்று ஜில்லென்று வீசிக்கொண்டிருந்தது.

*

கூட்டம் கலைந்ததும் சோல்வை இன்ஸ்பெக்டரிடம் வந்தாள்.

"கோர்ம், ஏழாம் நம்பர் பாத்தி மண்ணை நான் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே ரகசியமா சோதிச்சுட்டேன்."

"என்ன இருந்துச்சு?"

"குரோம். குவியல் குவியலா."

"அப்ப பிரெபெனைத் தூக்கிடலாமே!"

"எப்படித் தூக்குவீங்க? அந்தப் பாத்திக்கு மூணு முற்றத்துத் தண்ணி வருது. இவன் முலாம் பட்டறை, பக்கத்துல மோட்டார் சைக்கிள் பட்டறை, அதுக்கடுத்து தோல் பதனிடுற கூடம். மூணு பேர்கிட்டயும் குரோம் இருக்கு. யாரு ஊத்தினதுன்னு மண்ணு சொல்லாது."

"பின்ன யாரு சொல்லுவா?"

"ஊத்தினவனே சொல்லுவான்."

கோர்ம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நரைத்த மீசையைத் தடவினார்.

"சோல்வை... அன்னிக்கு பிரெபெனோட வாக்குமூலத்தை எழுதினது நான்தான்."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். பாத்திக்கு எதிர்ல ஒரு ஆளை கேமராவோட உக்கார வைங்க. நீங்க நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் குப்பை மையத்துக்கு வாங்க. காபி என் செலவு."

"குப்பை மையத்துக்கா? எதுக்கு?"

"வாங்களேன்!"

*

ஞாயிறு காலை. நல்ல வெயில். பழைய சோபா, உடைந்த ஜன்னல், கோடையில் வெட்டிய புல் என்று ஊரே வண்டி வண்டியாக வந்து, கண்ணாடி ஒரு தொட்டி, மரம் ஒரு தொட்டி என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தது.

மூலை பெஞ்சில் இரண்டு பேர். நடுவில் பிளாஸ்கும் பட்டைத்தூள் போட்ட சுருள் ரொட்டியும்.

கோர்மின் போன் சிணுங்கியது.

"படம் வந்திருக்கு!" கோர்மின் கண்கள் விரிந்தன. "ஏழாம் நம்பர் பாத்தி... மாநகராட்சி ஆளுங்க போடுற ஆரஞ்சுச் சட்டை... கையில மண்வெட்டி... நம்மாளுதான்! பட்டப்பகல்ல!"

"ஆரஞ்சுச் சட்டை போட்டவனை இந்த ஊர்ல யாரு நிமிந்து பாக்குறா?"

"வாய்கிட்ட மட்டும் தோண்டியிருக்கான். புது மண்ணு போட்டு செடியைத் திருப்பி நட்டு வச்சிருக்கான். தண்ணிகூட ஊத்தியிருக்கான்யா! இப்பவே அமுக்கிடவா?"

"பொறுங்க. 'சங்கத்து சார்பா பாத்தியைச் சுத்தம் பண்ணேன்'னு சொன்னா என்ன பண்ணுவீங்க? மாலை போடுவீங்களா?"

"மண்ணோட இங்கதான் வருவான்னு எப்படிச் சொல்றே?"

"பட்டறையில வச்சா நாளைக்கு சோதனை வரும். காட்டுல கொட்டினா நாயோட நடக்கிறவங்க யாராவது போன் போட்டுடுவாங்க. இங்க வந்தா ஆயிரத்துல ஒரு மூட்டை. நான் அவனா இருந்தாலும் இங்கதான் வருவேன்."

வெள்ளை வேன் ஒன்று வாசலில் திரும்பியது.

பிரெபென்!

வேனின் பின்கதவைத் திறந்தான். பன்னிரண்டு மூட்டைகள். ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு நேராக இடது பக்கம் நடந்தான்.

இடது பக்கம் சுத்த மண் குவியல். 'இந்த வார மண் சூரியகாந்தி மழலையர் பள்ளித் தோட்டத்துக்கு' என்று பலகை வைத்திருந்தார்கள். வலது பக்கம் மூடி போட்ட சிவப்புத் தொட்டி. விஷ மண்ணுக்கானது.

பிரெபென் பலகைக்கு முன்னால் நின்றான்.

சோல்வை பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். 'கொட்டிடாதேடா... கொட்டிடாதே!' அவள் விரல்கள் பெஞ்சை இறுகப் பிடித்தன. அவன் இங்கே கொட்டிவிட்டால், 'விஷம்னே எனக்குத் தெரியாது' என்று சாதித்துவிடுவான். எல்லாம் போச்சு. ஐவின் காலத்துக்கும் குற்றவாளி!

பிரெபென் பலகையை மறுபடி படித்தான். அவன் பேத்தி ஆல்வாவுக்கு நான்கு வயது. அதே பள்ளியில் மண்ணில் புரண்டு விளையாடுகிறவள்.

திரும்பினான்.

சிவப்புத் தொட்டியின் மூடியைத் திறந்தான். ஒன்று... இரண்டு... மூன்று... பன்னிரண்டு மூட்டைகளையும் கவனமாக உள்ளே இறக்கி, மூடியையும் ஒழுங்காக மூடினான்.

ஆற்றில் விஷத்தை ஊற்றக் கூசாத கை... தொட்டி மாற்றிக் கொட்டக் கூசியது!

"என்ன பிரெபென், ஞாயித்துக்கிழமையும் வேலையா?"

கோர்மின் குரல் கேட்டு அவன் துள்ளித் திரும்பினான்.

"வீ... வீட்டுத் தோட்டத்து மண்ணு. மாத்தலாம்னு..."

"ஓ! தோட்டத்து மண்ணை எதுக்கு விஷத் தொட்டியில போட்டீங்க? சுத்த மண்ணு அந்தப் பக்கம். போர்டு ஆளுயரத்துக்கு வச்சிருக்கே!"

"அது... குழந்தைங்களுக்குப் போகுதில்ல... அதான்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"குழந்தைங்களுக்கு ஆகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? மண்ணெடுக்கறதே நாளைக்குத்தானே?"

பிரெபெனின் முகம் வெளுத்தது. கோர்மின் தோளுக்குப் பின்னாலிருந்து சோல்வை வந்தாள்.

"நீயா! நீ வச்ச வேலையா இது?"

"நான் வச்சது பாத்தி மட்டும்தான் பிரெபென். ரிப்பன் வெட்டின அன்னிக்கு ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டியே... உன் முற்றத்துக் குழாயை ஆத்துலேருந்து அறுத்து, பாத்திக்குத் திருப்புறதுக்கு சம்மதம்னு அதுல எழுதியிருந்துச்சு. நீ போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கிட்டிருந்தே. நேத்து நான் சொன்னப்புறம்தான் எடுத்துப் படிச்சிருப்பே. ரெண்டு வருஷமா மழை பேஞ்சா போதும், நீ ஊத்தினதெல்லாம் என் மடியிலதான் விழுந்துச்சு!"

"எப்பவும் ஆத்துக்குத்தானேடி போச்சு!" பிரெபென் கத்தினான். "அன்னிக்கும் அந்தக் குழாய்லதான் ஊத்தினேன்... ஒரு பயலுக்குத் தெரியலையே..."

அப்படியே உறைந்தான்.

"அன்னிக்கும்னா என்னிக்கு?" கோர்மின் கையில் விலங்கு மின்னியது. "ஏழு வருஷத்துக்கு முன்னாடியா?"

பிரெபென் வேன் பக்கம் ஒரு அடி பின்வாங்கினான்.

சோல்வை அவனுக்கு மிக அருகில் போய் நின்றாள். கத்தவில்லை.

"ஐவின் பெட்டியைத் தூக்கினியே... கனமா இருந்துச்சா?"

பிரெபென் தலையைக் குனிந்தான்.

"இருக்கும். உன் பாவத்தையும் சேத்துல்ல அவர் சுமந்துகிட்டுப் போனாரு! இனிமே நீயே சுமந்துக்க. ஊரு முழுக்கத் துப்பும். ஒவ்வொரு துப்பையும் எண்ணிக்கோ. ஐவினும் எண்ணினாரு."

*

போலீஸ் கார் பிரெபெனோடு போய்விட்டது. கோர்ம் மிச்சக் காபியை ஊற்றிக்கொண்டார்.

"பட்டறையைத் திறந்து பாக்க இனி அனுமதி கிடைச்சுடும். ஐவின் பேரைக் கோப்புலேருந்து நானே என் கையால அடிக்கிறேன்."

சோல்வையின் கண்கள் கலங்கின. ஏழு வருடத்தில் முதல் தடவையாக அழுதாள். கோர்ம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ரொட்டியைத் தின்றார்.

"ஒரு சந்தேகம் சோல்வை."

"ம்?"

"அந்த மீனு. நம்ம ஆத்துல ஓடுறது கடல் ட்ரவுட். செத்து மிதந்தது ரெயின்போ ட்ரவுட். பண்ணையில வளக்குற ஜாதி. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என் வீட்டுச் சட்டியில வேகுறது அதுதான்."

சோல்வை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிளாஸ்கின் மூடியைத் திருகினாள்.

"அதுல ஒண்ணு குடல் எடுத்து சுத்தம் பண்ணது!"

"கடைக்காரர் பழக்க தோஷத்துல பண்ணிட்டாரு போல. நானும் கவனிக்கல."

"அப்ப வியாழக்கிழமை வழிஞ்சதுன்னு சொன்னது?"

"சுத்தப் பொய்! முக்கால் பாத்திகூட நிரம்பல. ஒரு சொட்டு விஷம் ஆத்துக்குப் போகல, ஒரு மீனும் சாகல. லோனெகிட்ட சொல்லிடுங்க, பாத்தியில எவனும் கை வைக்கக் கூடாது!"

"மீன்பிடிச் சங்கத் தலைவன் அஞ்சடி தள்ளி நின்னு பாத்தானே... அவனுக்குக்கூடத் தெரியலையா?"

"குத்தமுள்ள நெஞ்சு மீனையா பாக்கும்? ஐவினா இருந்தா அர நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பாரு." பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா... உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நேத்து. முதல் மீனைப் புரட்டினப்பவே."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வியைக் கேக்காம விட்டேன். நேத்தும் ஒண்ணைக் கேக்காம விட்டேன். கணக்கு நேராச்சு." கோர்ம் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். குரலை வேண்டுமென்றே கடுமையாக்கினார். "ஆனா ஆத்துல குப்பை போடுறது குற்றம். தெரியுமில்ல?"

சோல்வை வரிசையாக நின்ற இருபது தொட்டிகளையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"நான் என்ன பண்றது கோர்ம்? செத்த மீனை எந்தத் தொட்டியில போடணும்னு இங்க ஒரு போர்டுலயும் எழுதலையே!"