பக்கத்து சீட்டின் சிவப்பு விளக்கு

எல்லா விளக்குகளும் அணைந்த பிறகும் அந்த ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மெக்கானிக்குக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மனைவியின் தம்பி அந்தப் பழைய பிக்கப்பை ஓட்டி வந்து ஷெட்டில் நிறுத்திய அன்று, சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டு கடைத்தெரு மாதிரி பளபளத்தது. "என்ன மச்சான், எரியாத லைட்டு ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டதற்கு அவன் கொஞ்சமும் கூசாமல், "லைட்டு எரிஞ்சாத்தான் மச்சான் நம்ம வீட்டு அடுப்பு எரியும்" என்றான். பழுது பார்த்து நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று இருவரும் சேர்ந்து எடுத்த வண்டி.

மெக்கானிக் பொறுமையாக ஒவ்வொன்றாக அணைத்தான். இன்ஜின் விளக்குக்குக் காரணம் காற்றை அளக்கும் சென்சாரில் படிந்த தூசி. ஆயில் விளக்குக்குக் காரணம் ஒரு கசிகிற சுவிட்ச். சத்தங்களுக்கு அவனிடம் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர் இருந்தது. முனையை ஓடுகிற இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினால், டாப்பெட்டின் கடகடப்பு தனியாகவும் வாட்டர் பம்ப் பேரிங்கின் உறுமல் தனியாகவும் பிரிந்து கேட்கும். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோல்தான். ஆஸ்பத்திரி வாசனை நினைவுக்கு வந்ததும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றான்.

மிச்சமிருந்தது சீட் பெல்ட் விளக்கு. சின்னதாக ஒரு சிவப்பு மனிதன், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு. பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று பொருள். சீட்டில் ஆளே இல்லை. சீட்டைக் கழற்றிப் புதுச் சென்சார் வைத்தான், ஒயரையும் முழுசாக மாற்றினான். பகலெல்லாம் சமர்த்தாக அணைந்தே கிடக்கும். வெயில் சாய்ந்து, தகரக் கூரை சூடு ஆறி டக் டக்கென்று சுருங்கத் தொடங்கும் நேரத்தில், ஈரச் சாக்கு போல ஒரு வாடை முதலில் எழும். பிறகு வண்டியின் அடியில் ஸ்பிரிங் பட்டைகள் 'கீ...ர்ர்' என்று நீளமாக முனகும். அதற்கப்புறம்தான் விளக்கு வரும். நிற்கிற வண்டி அப்படி முனக வேண்டிய அவசியமே இல்லை. அது ஆள் ஏறும்போது வரும் சத்தம்.

அன்றைக்கு மனைவி டீ கொண்டு வந்தபோது அவன் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தான்.

"அது என்ன லைட்டு?" என்று அவள் கேட்டாள்.

அவன் தலையை இடித்துக்கொண்டான். மகள் பாப்பா காய்ச்சலில் செத்துப்போன நாளிலிருந்து அவள் பேச்சு 'ம்', 'சரி' என்பதோடு நின்றிருந்தது. சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவாள். அவளாக ஒரு கேள்வி கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று அவனுக்கே மறந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வாயில் வந்ததைச் சொன்னான்.

"பக்கத்துல யாரோ உக்காந்திருக்காங்களாம். பெல்ட் போடலையாம். வண்டி கோள் மூட்டுது."

அவள் காலியான சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டீ கையிலேயே ஆறியது.

"அவ எப்பங்க பெல்ட் போட்டா?" என்றாள். "நீங்க மாட்டி விட மாட்டி விட, அவ கழட்டிக்கிட்டே இருப்பாளே."

உண்மைதான். சோதனை ஓட்டத்துக்கு எந்த வண்டியை எடுத்தாலும் பாப்பா பக்கத்தில் ஏறிவிடுவாள், ஏறியதும் பெல்ட்டைக் கழற்றிவிடுவாள். "அதெல்லாம் இல்லம்மா, சென்சார்தான்..." என்று தொடங்கியவன், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அந்த முகத்தில் உயிர் வந்திருந்தது. அதை அணைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு பொழுது சாய்ந்தால் அவள் ஷெட்டுக்கு வந்துவிடுவாள். டிரைவர் சீட்டில் ஏறி, சாவியைத் திருப்பி, விளக்குக்காகக் காத்திருப்பாள். வந்ததும் பேசுவாள். அன்றைய சமையல், பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகளின் கூச்சல், பக்கத்து வீட்டு நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது, எல்லாம் சொல்வாள். இரவில் தட்டைக் காலி செய்தாள். ஒருநாள் தலைகூட வாரியிருந்தாள். மெக்கானிக் சுவரோரம் பழைய டயர் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். என்ன தப்பு? யாருக்கு நஷ்டம்? உள்ளே இருப்பது மகளாகவே இருக்கட்டுமே என்று அவனுக்கும் ஆசை வந்தது. ஆசை என்ன ஆசை, ஏக்கம். ஒயரிங் படத்தைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டான். பழுது என்று தெரிந்தும் ஒரு வண்டியை அவன் அப்படியே விட்டது அதுதான் முதல் தடவை.

மச்சான் வந்து குதித்தான். "பார்ட்டி ரெடியா இருக்கு மச்சான். ஒரு லைட்டு தானே? பல்பைப் புடுங்கிப் போடு. இல்லன்னா பெல்ட்டைச் சும்மா மாட்டி விடு. நாம பாக்காத தில்லுமுல்லா?"

"இரு மச்சான், ஒரு சத்தம் இருக்கு. அதைக் கண்டுபிடிச்சிட்டுத் தர்றேன்."

அப்போது ஷெட்டிலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. தம்பிக்காரன் ஷெட்டுப் பக்கம் திரும்பினான். "அக்காவா சிரிக்குது?" என்று கேட்டவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வண்டி மெதுவா வரட்டும் மச்சான்" என்று போய்விட்டான்.

ஆனால் சத்தம் வளர்ந்தது. முதலில் முனகலாக இருந்தது உறுமலாயிற்று. ஒரு மாலை, கீழே விழுந்த ஸ்பேனரை எடுக்கக் குனிந்த மெக்கானிக்கின் கண்ணில் டயர் பட்டது. டயருக்கும் மேலே இருக்கும் தகட்டுக்கும் நடுவில் காலையில் அவன் கை முழுசாக நுழைந்து கிரீஸ் தடவியிருந்தது. இப்போது விரல்தான் நுழைந்தது. பக்கத்து சீட்டு இருக்கிற பக்கம் மட்டும் வண்டி அமுங்கியிருந்தது. உள்ளே மனைவி, "நல்லா சாஞ்சு உக்காரு கண்ணு" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். தளர்ந்த ஸ்பிரிங் காலையில் நிமிராது. அது அவனுக்குத் தெரியாதா?

மறுநாள் மத்தியானம், அவள் உள்ளே படுத்திருந்தபோது, ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனான். பாப்பாவும் பேட்டரியும் ஒரே எடை. ஒரு கையில் அவளையும் மறு கையில் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு ஷெட்டைச் சுற்றி வருவான். "யாருப்பா கனம்?" என்பாள். "பேட்டரிதான். நீ வெறும் காத்தும்மா" என்பான். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தூக்கியபோது அது வேடிக்கைப் பேச்சாக இல்லாமல் நிஜமாகியிருந்தது.

பேட்டரியை சீட்டில் வைத்து, சாவியைத் திருப்பினான்.

விளக்கு எரியவில்லை.

இன்னொரு பேட்டரியைப் பக்கத்தில் வைத்தான். எரியவில்லை. பெரிய ஆளுக்கான சென்சார் அது; மாட்டியவனே அவன்தான். குழந்தை எடையெல்லாம் அதன் கணக்கிலேயே வராது. இது தெரிந்தேதான் இத்தனை நாள் தெரியாதவன்போல இருந்திருக்கிறான். பேட்டரிகளை இறக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தான். சிவப்பு மனிதன் வந்தான். தலையை வெளியே நீட்டி டயரைப் பார்த்தான். தகடு இம்மியும் இறங்கவில்லை.

அவனைப் போல நாலைந்து பேர் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தால்தான் வண்டி நேற்றைப்போல அமுங்கும்.

பாப்பா இல்லை. நெஞ்சில் முதலில் எழுந்தது பயம்கூட இல்லை. அழுகைதான் வந்தது. அவள் இரண்டாவது முறை செத்துப்போனதுபோல் இருந்தது. டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதான். அழுது முடித்தபோது, தான் உட்கார்ந்திருந்த இடம் எது என்பது உறைத்தது. இறங்கி ஓடினான்.

சாவியை எடுக்காமல் வந்தது வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் மேகம் கவிந்து, மத்தியானமே மாலை மாதிரி மங்கிவிட்டது. மனைவியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தூங்கட்டும், விழிப்பதற்குள் வண்டி போய்விட வேண்டும். அடுப்படியில் நின்று போன் போட்டான்.

"மச்சான், இப்பவே வா. வண்டியை எடுத்துட்டுப் போ."

"என்ன ஆச்சு? குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"எந்த விலைக்குன்னாலும் சரி. விக்கவேண்டாம், உடைச்சுப் போடு. அக்கா எந்திரிக்கிறதுக்குள்ள வா."

"அக்காகிட்ட இப்பத்தானே பேசினேன்? பாப்பாவுக்குத் தலை வாரணும், ஷெட்டுக்குப் போறேன்னு சொல்லுச்சே?"

மழை தகரத்தில் விழுந்தது. முதலில் ஒன்றிரண்டு துளி. பிறகு சடசடவென்று. அதற்கும் மேலாக அந்தச் சத்தம் கேட்டது. முனகல் இல்லை. உறுமல் இல்லை. இரும்பு வளைகிற சத்தம்.

ஓடினான்.

ஈரச் சாக்கு வாடை வாசலிலேயே முகத்தில் அறைந்தது. பிக்கப் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. அந்தப் பக்கத்து டயர் பிதுங்கியிருந்தது. தகடு ரப்பரில் அழுந்தியிருந்தது. டிரைவர் சீட்டு காலி.

"எங்க இருக்க?"

சிவப்பு வெளிச்சம் மட்டும். கண்ணாடியில் ஆவி. துடைத்தான்.

பக்கத்து சீட்டில் இருந்தாள். சீட்டு தரையோடு தரையாக அமுங்கியிருந்தது. அவள் முதுகு சாய்மானத்தோடு ஒட்டியிருந்தது. மடியில் புடவை மடிப்பே இல்லாமல் தட்டையாகப் பரவியிருந்தது. முழங்கால்கள் இருக்க வேண்டிய இடத்திலும் புடவை தட்டையாகத்தான் இருந்தது.

கதவை இழுத்தான். கதவு வளைந்து சிக்கியிருந்தது. மறுபடி இழுத்தான். மறுபடி.

"விடு! அதை விடும்மா! அது பாப்பா இல்ல! இறங்கு!"

அவள் முகத்தைத் திருப்பினாள். கன்னமெல்லாம் கண்ணீர். குழந்தை பிறந்த அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. உதடு அசைந்தது. மூச்சு பாதி வந்தது, பாதி வரவில்லை.

"என்னங்க... மடியில வந்து... உக்காந்துட்டா." அவள் நெஞ்சுக்குள் ஏதோ மெல்ல முறிந்தது. அவள் சிரிப்பு மாறவில்லை. "எவ்வளவு... வளர்ந்துட்டா... பாருங்க."

அவளுடைய இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, ஒன்றுமில்லாத வெளியை ஆசையோடு அணைத்திருந்தன. பெரிய அடிமரத்தை அணைப்பவளுடைய கைகளைப்போல அவை அகன்று கிடந்தன. ஒரு கை விரல்கள் மறு கை விரல்களை எட்டவில்லை. எட்டுவதற்காக அவள் இன்னும் இறுக்கினாள்.