சத்தம் கேட்டால் அழுத்தவும்

கெவ் டாப்சன் பொத்தானை அழுத்தியபோது, சோதனை செய்யும் நர்ஸ் கொலீன் எந்தச் சத்தத்தையும் அனுப்பியிருக்கவில்லை.

அதில் பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. காதுச் சோதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். பரீட்சையில் தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் கேட்காததையும் கேட்டதாக அழுத்துவார்கள். மின்சாரம் போன பிறகும் கால்மணி நேரம் விடாமல் அழுத்திக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் அந்த ஊரில் உண்டு. அந்த வருஷம் அவருக்குக் காது பிரமாதம் என்று சான்றிதழ்கூடக் கிடைத்தது.

கெவ் அப்படிப்பட்ட ஆள் இல்லை. டாஸ்மேனியாவின் வடமேற்குக் கரையில், இப்போது மூடிக் கிடக்கிற காகித ஆலையில், மரத்தைத் துண்டுபோடும் எந்திரத்துக்குப் பக்கத்தில் முப்பத்தோரு வருஷம் நின்றவர். கேட்டதையே கேட்கவில்லை என்று சாதிப்பாரே தவிர, கேட்காததைக் கேட்டேன் என்று சொல்லமாட்டார். முக்கியமாக மனைவி ஜாய்ஸ் கூப்பிடும்போது.

சோதனை அறையை ஆஸ்பத்திரியில் எல்லாரும் 'பெட்டி' என்பார்கள். ஒரு சாண் கனத்தில் இரும்புச் சுவர், உள்ளே கம்பளி ஒட்டிய தடுப்பு, ஒரு நாற்காலி, கொக்கியில் தொங்கும் ஒரு பொத்தான். வெளியே சூறாவளி அடித்தாலும் உள்ளே தெரியாது. உள்ளே ஆளைக் கொன்றாலும் வெளியே தெரியாது. கதவின் கைப்பிடி மட்டும் திருப்பும்போதெல்லாம் கன்று ஈனும் பசுவைப்போல் அலறும். எண்ணெய் விடச் சொல்லி கொலீன் நான்கு கடிதம் எழுதியாயிற்று. சுவரில் ஒரு அட்டை: சத்தம் கேட்டால் அழுத்தவும். உள்ளே அழுத்தினால் வெளியே எந்திரத்தில் சிவப்பு விளக்கு எரியும், ஓடுகிற தாளில் பேனா ஒரு கோடு தட்டும். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வழியாக இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஜன்னலில் கெவ்வின் கட்டைவிரல் தெரிந்தது. நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்கள் பொத்தானைப் பாதி அழுத்தியபடியே காத்திருப்பார்கள்; கேட்டவுடன் மிச்சப் பாதி. கெவ் அப்படித்தான் காத்திருந்தார். அழுத்தினார். மறுபடி காத்திருந்தார். மூன்று நிமிட மௌனத்தில் பதினோரு கோடுகள்.

கொலீன் கதவைத் திறந்தாள். பசு அலறியது.

"என்ன கெவ், நான் சும்மா உக்காந்திருக்கேன், நீங்க பாட்டுக்குத் தனிக்கச்சேரி நடத்துறீங்க?"

"நீதானம்மா அனுப்பின? தொப்பு தொப்புன்னு. ஈரப் பலகையில யாரோ பூட்ஸ் போட்டு நடக்குற மாதிரி. தெருமுனைல நடந்தா கேக்குமே, அந்தத் தூரத்துல."

"நான் அனுப்புறது பீப் சத்தம். இந்த மெஷின்ல பூட்ஸ் கிடையாது."

"அப்ப நல்ல மெஷினா வாங்கச் சொல்லு."

காது டாக்டர் ஹாமிஷ் கால்டரும் அவருடைய கூட்டாளிகளும் நடத்துகிற ஆராய்ச்சி அது. ஓயாமல் காது இரைகிற முப்பது பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று கால்டருக்கும் தெரியாது, சோதனை செய்கிற கொலீனுக்கும் தெரியாது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வரவேண்டும். மிச்ச மாத்திரையைப் புட்டியோடு திருப்பித் தரவேண்டும். கொலீன் எண்ணி, உறையில் போட்டு ஒட்டி, எரிக்க அனுப்புவாள்.

"இரைச்சல் எப்படி இருக்கு?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"போயே போச்சு." கெவ்வின் குரல் தாழ்ந்தது. "செவ்வாக்கிழமை காலைல முட்டை வெந்துட்டிருக்கு, சடார்னு நின்னுடுச்சு. ஜாய்ஸ் மூச்சு விடறப்ப மூக்குல விசிலடிக்கிறா, கொலீன். நாப்பத்தாறு வருஷமா எனக்குத் தெரியவே தெரியாது."

கொலீன் எழுதிக்கொண்டாள். பேனா ஒரு கணம் தாளிலேயே ஊன்றி நின்றது.

அவளும் பதினெட்டு வயதில் ஒரு குளிர்காலம் அதே ஆலையில் வேலை பார்த்தவள். அன்றிலிருந்து முப்பத்து நான்கு வருஷமாக அவள் தலைக்குள் ஒரு கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கிறது. யாரும் வந்து இறக்கிவைப்பதில்லை. அமைதி வேண்டும் என்றால் மற்ற நர்ஸ்கள் மத்தியானம் பெட்டிக்குள் போய்க் கண்ணை மூடி உட்காருவார்கள். இவளுக்கோ உலகத்திலேயே சத்தமான இடம் அந்தப் பெட்டிதான். வீட்டில் ஜூலை மாதக் குளிரிலும் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுப்பாள். ஒரு நிமிஷம் போதும். ஒரே ஒரு நிமிஷம் சும்மா இருக்கிற உலகத்தைக் கேட்கவேண்டும். ஆராய்ச்சி நடத்துகிறவர்கள் அந்த மருந்தைத் தொடக்கூடாது என்பது விதி.

ஆறாவது வாரம் முடிந்தபோது ஒன்பது பேருக்கு இரைச்சல் நின்றிருந்தது. ஒன்பது பேரும் சத்தம் அனுப்பாத நேரத்தில் பொத்தானை அழுத்தினார்கள். மற்றவர்கள் யாரும் அழுத்தவில்லை. கொலீன் ஒன்பது தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோட்டின்மேல் கோடு உட்கார்ந்தது. ஒன்பது ஆட்கள், ஒன்பது வெவ்வேறு நாட்கள், ஒரே நடை.

கால்டர் இறைச்சி அடைத்த பலகாரம் ஒன்றைத் தின்றுகொண்டே பார்த்தார். "காதுக்கு வேலை இல்லன்னா மூளை சும்மா கெடக்காது கொலீன். ரிட்டயர் ஆன ஆலைக்காரன் மாதிரி, எதையாவது தட்டிக்கிட்டே இருக்கும்."

"ஒம்பது பேரும் ஒரே தாளத்துலயா டாக்டர்?"

"எல்லாரும் ஒரே ஊர்க்காரங்கதானே?" என்று சிரித்து, 'பக்கவிளைவு, சிறியது' என்று எழுதிவிட்டுத் தக்காளி சாஸைத் துடைத்தார்.

கெவ்விடம் அன்று கேட்டாள், பூட்ஸ் இப்போது எங்கே என்று.

"எதிர்வீட்டு வாசல்ல" என்றார் கெவ். அவர் சிரிக்கவில்லை.

ஒன்பதாவது வாரம் அவர் வந்தபோது நெஞ்சோடு ஒரு ரேடியோவை அணைத்துக்கொண்டிருந்தார். எந்த நிலையத்திலும் இல்லாமல் இடையில் நிறுத்தி, வெறும் கரகரப்பு. வரவேற்பறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியின் கதவைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார்.

"உள்ள வரமாட்டேன். என் இரைச்சலைத் திருப்பிக் குடு."

"கெவ்..."

"அஞ்சு நாளா மாத்திரையை நிறுத்திட்டேன். வரமாட்டேங்குது. முப்பது வருஷம் அதைக் கெட்ட வார்த்தையில திட்டினேன் கொலீன். அது பாட்டுக்கு வேலி மாதிரி நின்னுக்கிட்டு இருந்திருக்கு."

"இந்த ரேடியோ போட்டா அந்தக் காலடி உங்களுக்குக் கேக்கலையா?"

கெவ் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "ரேடியோ எனக்கு இல்லம்மா" என்றார். புட்டியை மேசைமேல் வைத்தார். "எரிச்சிடு. நீ இதும்பக்கமே போவாத."

அவர் போனபின் எண்ணினாள். இருபத்து நான்கு மாத்திரை. உறையில் '24' என்று எழுதினாள். காலிப் புட்டியை உள்ளே போட்டு ஒட்டினாள். ஒட்டிய உறையை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அவருடைய மூளை, அவருடைய பயம், என்று சொல்லிக்கொண்டாள். ஒரு நிமிஷம் போதும். மாத்திரைகள் அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் உருண்டன.

மாத்திரை விழுங்க ஆரம்பித்த ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச்சாலை வரிசையில் நிற்கும்போது கெட்டில் இறங்கியது.

அவள் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். ரொட்டிமேல் வெண்ணெய்க் கத்தி ஓடுகிற சத்தம். தன் சட்டைக் கை இடுப்பில் உரசுகிற சத்தம். கூரையின் ஒரு மூலையில் மழை விழ ஆரம்பித்து, மெல்ல நடந்து, கூரை முழுவதையும் எடுத்துக்கொள்கிற சத்தம். கண்ணில் தண்ணீர் வந்தது. "உப்பு அதிகமா?" என்றாள் பரிமாறுகிறவள். அன்றிரவு மின்விசிறியை நிறுத்திவிட்டு, இருட்டில் பனி புல்லின்மேல் இறங்குவதைக்கூடக் கேட்டதாக அவள் சத்தியம் செய்வாள்.

வெள்ளிக்கிழமை மாலை, தெருமுனையில். தொப்.

ஏதாவது காரின் கதவாக இருக்கும்.

தொப்.

கெவ்வுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்ட தூரத்தை அது கொலீனுக்கு ஒரே இரவில் நடந்தது. வழி பழகிவிட்டதுபோல. சனிக்கிழமை காலை அது எதிர்வீட்டில் இருந்தது. அவள் தும்மினாள், நடை வேகமாயிற்று. ஸ்பூன் கை தவறித் தரையில் விழுந்தது; வேலியருகே வந்துவிட்டது. ஜன்னலில் பார்த்தாள். ஈரமான தெரு. ஒரு நாய். பட்டப்பகல்.

தொலைபேசியை எடுத்துக் கெவ்வின் வீட்டுக்குப் போட்டாள். ஜாய்ஸ்தான் எடுத்தாள்.

"அவரு இல்ல கொலீன். புதன்கிழமைலேர்ந்து இல்ல." குரல் காய்ந்திருந்தது. "ரேடியோ பேட்டரி தீரப்போவுது, ஓடிப்போய் வாங்கிட்டு வாடின்னாரு. பத்து நிமிஷங்கூட ஆவல, போயிட்டு வந்தேன். நாற்காலி இருக்கு. ரெண்டு ஸ்லிப்பரும் மேசைக்கடியில அப்படியே இருக்கு. போலீஸு கடற்கரை பூரா தேடுது. எங்கேன்னு போவாரு, வெறுங்காலோட?"

"அதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாரா?"

"பொலம்புனாரு. 'நமக்கு அது கேக்குறது பெரிசில்ல ஜாய்ஸ், அதுக்கு நம்மளக் கேக்குது'ன்னு. மூச்சு விடறதுகூடக் கேக்குதாம். மூக்குல விசிலடிக்காதடின்னு என்னைத் திட்டுனாரு."

கொலீன் சத்தமில்லாமல் ரிசீவரை வைத்தாள்.

காரை எடுத்தாள். எஞ்சின் இரைகிறவரை பின்னால் ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் ஓட்டுவது? பெட்ரோலும் பேட்டரி மாதிரிதான், தீரும். ரேடியோ போட்டு, மின்விசிறி போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, எத்தனை நாள்? ஒரு நாள் மின்சாரம் போகும். இருபது வருஷம் காதுச் சோதனை செய்தவளுக்கு அப்போது தோன்றிய யோசனை வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. உள்ளே ஆளைக் கொன்றாலும் வெளியே கேட்காத ஒரே ஓர் இடம் இந்த ஊரில் இருக்கிறது. சாவி அவளிடம் இருக்கிறது.

சனிக்கிழமை காதுப் பிரிவுக்கு விடுமுறை. நடைவழியில் ஆளில்லை. தரைக்குப் போட்ட மெழுகு இன்னும் காயாமல் மருந்தும் எலுமிச்சையும் கலந்து நாறியது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். காலுறையோடு நடந்தாள். பின்னால், வாசல் பக்கம், ஈரத்தின்மேல். தொப். தொப். சாவிக்கொத்து கிணுகிணுத்தது. தொப் தொப் தொப். அறைக்குள் நுழைந்தாள். பழக்க தோஷம், போகிற போக்கில் கை எந்திரத்தின் விசையைத் தட்டியது. தாள் ஓட ஆரம்பித்தது. பெட்டிக்குள் தாவினாள். கைப்பிடியைத் திருப்பினாள். பசு அலறியது. அலறட்டும். கதவு சாத்தியாயிற்று.

அமைதி.

ஒன்றுமில்லை. நடை இல்லை. மழை இல்லை. கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். ஜன்னல் வழியே வெளியறை தெரிந்தது: காலி நாற்காலி, அவளுடைய கோப்பை, ஓடுகிற தாள். யாரும் இல்லை. யாரும் வரவில்லை. முப்பத்து நான்கு வருஷமாக அவள் கேட்ட நிமிஷம் இதுதான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டாள்.

வெளியே சிவப்பு விளக்கு எரிந்தது.

பேனா ஒரு கோடு தட்டியது.

அவள் கை இரண்டும் காலியாக இருந்தன. செருப்பு தரையில். பொத்தான் கொக்கியில், எதிர்ச்சுவரில், ஒரு கை தூரத்தில்.

மூச்சை இழுத்தாள். விளக்கு. கோடு.

விட்டாள். விளக்கு. கோடு.

எச்சில் விழுங்கினாள். விளக்கு.

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மூச்சை நிறுத்தினாள். விளக்கு அணைந்தது. தாளில் பேனா நேராக ஓடியது. இன்னொரு கை கைப்பிடிக்கு மேலே, தொடாமல், நின்றது. திருப்பினால் அது அலறும்.

பத்து எண்ணினாள். இருபது. காதுக்குள் ரத்தம் துடித்தது. முப்பது. பேனா நேராக. நாற்பது. கண்ணில் பூச்சி பறந்தது.

கொக்கியில் பொத்தானின் சிவப்பு முனை மெல்ல இறங்கியது. முழுதும் இறங்கவில்லை. பாதி அழுந்தி, லேசாக நடுங்கியபடி, நின்றது.