தோளா, முட்டியா?

காலை ஏழு மணி. கோல்ஃப் கிளப்பின் கோப்பை அறையைத் திறந்ததும் தலைவர் போட்ட கூச்சலில், முதல் குழிப் பக்கம் நின்றிருந்த கொக்கு ஒன்று பறந்து போனது. அது இன்று வரை திரும்பவில்லை.

அலமாரி திறந்து கிடந்தது. வருடாந்திரப் போட்டியின் வெள்ளிக் கோப்பையைக் காணோம். பூச்சாடி அளவுதான் இருக்கும் அது. ஆனால் அதற்காக அந்த கிளப்பில் செலவான கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு சின்ன நாட்டையே பிடித்திருக்கலாம்.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். ஸ்டேஷனில் அந்த அம்மாவுக்குப் பெயர் கடுகு. எண்ணெய் காயும் முன்பே வெடிப்பவர். அன்று அவருக்கு விடுப்பு வேறு. வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் பல வாரம் போக்குக் காட்டிவிட்டு அன்றைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் துணி மலையாகக் குவிந்து, அதில் ஏறினால் பக்கத்து ஊர் தெரியும் என்ற நிலை. அதை விட்டுவிட்டுத்தான் இந்தப் பூச்சாடிக்காக வந்திருந்தார்.

வராந்தாவில் உறுப்பினர்கள் இரண்டு கும்பலாகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"இவங்க யாரு, மாப்பிள்ளை வீடும் பொண்ணு வீடுமா?" என்றார் கடுகு.

"இல்ல மேடம். தோள் கட்சி, முட்டி கட்சி," என்றார் கான்ஸ்டபிள்.

"காலங்காத்தால என் வாயைக் கிளறாதீங்க."

"நிஜமாத்தான் மேடம். கோல்ஃப்ல ரூல்ஸ் மாத்திட்டாங்களாம். பந்தைக் கையால கீழ விடறப்போ முன்னெல்லாம் தோள் உயரத்துலேருந்து விடணும். இப்ப முட்டி உயரத்துலேருந்து. பத்து மணிக்கு இவங்க கூட்டம் போட்டு, போன வருஷம் இங்க வந்த அந்தப் புது ரூல் இனியும் வேணுமா வேணாமான்னு ஓட்டுப் போடப் போறாங்க."

"படிச்சவங்கதானே எல்லாரும்?"

"ரொம்பப் படிச்சவங்க மேடம்."

விவரம் சுருக்கமாக இதுதான். முந்தின நாள் மாலை கோப்பையைத் துடைத்து அலமாரியில் வைத்து அறைக் கதவைப் பூட்டியபோது மூன்று பேர்தான் அங்கே இருந்தார்கள். காலையில் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்ய முதலில் வந்ததும் அதே மூன்று பேர்தான். மூவரும் ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகத் திரிந்திருக்கிறார்கள். கேட்டில் வாட்ச்மேன் கண் கொட்டாமல் இருந்தார். கோப்பை காணாமல் போனது தெரியும் வரை வேறு ஈ காக்கை உள்ளே வரவில்லை. எதுவும் வெளியே போகவுமில்லை.

முதல் ஆள் கிளப் தலைவர். தொழிலில் பல்டாக்டர். உடம்பு எப்படியென்றால், அவர் ஒரு நோயாளியின் பல்லைப் பிடுங்கக் குனிந்தால் ஊரே இருட்டிவிடும். போன வருடக் கோப்பையை ஜெயித்தவர் அவர்தான். மெம்பர்களின் பையைச் சோதித்தால் கிளப் மானம் போய்விடும் என்று வந்ததிலிருந்து கடுகைத் தடுத்துக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

இரண்டாவது, கர்னல். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் மீசை மட்டும் இன்னும் பணியில் இருந்தது. இடுப்பில் பட்டையான முதுகுவலி பெல்ட். கையில் ஊன்றுகோல்.

மூன்றாவது, டீச்சர். பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். இங்கே போட்டி நடுவர். புது விதிகளைக் கொண்டுவந்தவர் அவர்தான். கோப்பை அறையின் ஒரே சாவி அவரிடம்தான் இருந்தது. அதனால் தோள் கட்சி மொத்தமும் அவரைப் பார்வையாலேயே ஜெயிலில் போட்டுவிட்டது.

"பத்து மணிக்குக் கூட்டம். அதுல முதல் தீர்மானமே டீச்சரை நடுவர் வேலையிலேருந்து எடுக்கறதுதான்," என்றார் பல்டாக்டர் கைகளைப் பிசைந்தபடி. "மெம்பர்ஸ் கொதிச்சுப் போயிருக்காங்க. நான் என்ன பண்றது?"

"வாயைத் திறந்து நாலு வார்த்தை நல்லதாப் பேசலாம்," என்றார் டீச்சர். "அடுத்தவங்க வாயைத்தானே இத்தனை வருஷமாத் திறந்துட்டிருக்கீங்க."

கடுகுக்கு டீச்சரைப் பிடித்துப்போனது. ஆனால் சாவி சாவிதான்.

எட்டரை மணிக்கு அறையைப் பார்த்தார். ஜன்னலில் கம்பி. பூட்டில் கீறல் இல்லை. ஆனால் பின்சுவரில், தரையை ஒட்டி, ஒரு சின்ன மரக்கதவு.

"இது என்ன, நாய் வர்ற வழியா?"

"ஒரு காலத்துல இது பயிற்சிப் பந்து வைக்கிற ரூமு," என்றார் பல்டாக்டர். "பந்துக் கூடையை அந்தப் பொந்து வழியா வெளியே தள்ளுவாங்க. கொக்கி வெளிப்பக்கம்தான். அதை யாரு நினைச்சுப் பாத்தா?"

கடுகு மண்டியிட்டு டார்ச் அடித்தார். ராத்திரிக் காற்றில் ஜன்னல் வழியாக வந்த தூசி, முந்தின மாலைக் காலடிகளையும் மூடி, தரையில் மாவு சலித்தது போல் கிடந்தது. பொந்திலிருந்து அலமாரி வரை மட்டும் யாரோ உடம்பால் துடைத்தது போல அகலமாக ஒரு சுத்தமான பாதை. ஒரு ஆள் தவழ்ந்து வந்து, தவழ்ந்தே போயிருக்கிறார். பெரிய கதவின் வழியாக வந்த காலடிகள் வாசலோடு நின்றிருந்தன. அது காலையில் டீச்சரும் தலைவரும் திறந்து பார்த்து நின்ற இடம்.

கடுகு எழுந்து சீருடையைத் தட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். "கதவு வழியா யாரும் போகல. பொந்து வழியா தவழ்ந்து போயிருக்காங்க. சாவி இருக்கிறவங்க எதுக்குத் தவழணும்?"

முட்டி கட்சியில் ஒரு சலசலப்பு. கர்னல் ஊன்றுகோலைத் தரையில் ஓங்கித் தட்டினார். அது கை நழுவி விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தார்.

"மன்னிக்கணும் தம்பி. முதுகு வளையாது," என்றார் கர்னல். பிறகு கடுகு பக்கம் திரும்பினார். "மேடம், நல்லா யோசிங்க. சாவி இருக்கிறவங்க மேல சந்தேகம் வரக்கூடாதுன்னா என்ன செய்வாங்க? தவழ்ந்துதான் போவாங்க. மூணு பேர்ல யாரு தவழ முடியும்? தலைவரு அந்தப் பொந்துல தலையை விட்டா, சுவரை இடிச்சுத்தான் வெளியே எடுக்கணும். நான் ஷூ லேஸ் கட்டறதுக்கே ஆள் தேடறவன். மிச்சம் யாரு? தினமும் நீச்சலடிக்கிற இந்த அம்மாதான்."

வராந்தாவே தலையாட்டியது. முட்டி கட்சியிலும் சிலர் ஆட்டினார்கள். டீச்சரின் முகம் சிவந்தது.

"கோப்பையைத் திருடி நான் என்ன செய்யப் போறேன்? கஞ்சி குடிக்கவா?"

"கூட்டத்துல தோத்துடுவோம்னு ஆத்திரம். போட்டியே நடக்கக் கூடாதுன்னு எடுத்துட்டீங்க."

"ஆத்திரம் யாருக்கு? ஒரே ஒரு அடியில கோப்பை போச்சேன்னு வருஷம் பூரா புலம்பினது யாரு?"

"ஒவ்வொருத்தரா," என்று அதட்டினார் கடுகு. "அந்த ஒரு அடி என்ன கதை? டீச்சர், நீங்க சொல்லுங்க."

"போன வருஷம் கடைசி நாள். இவர் பந்து குளத்துல விழுந்துடுச்சு. அப்படி விழுந்தா வேற பந்தை எடுத்து, விதி சொல்ற இடத்துல கையால கீழ விட்டு ஆடணும். இவர் தோள்லேருந்து விட்டாரு. தப்பு, முட்டி உயரத்துலேருந்து மறுபடி விடுங்கன்னு சொன்னேன். காது கேக்காத மாதிரி அடிச்சுட்டாரு. தண்டனையா அவர் கணக்குல ஒரு அடி கூட்டினேன்; குறைஞ்ச அடியில முடிக்கிறவங்களுக்குத்தானே கோப்பை. அந்த ஒரு அடியில தலைவர் ஜெயிச்சுட்டாரு."

"மறுநாளே நான் கமிட்டிக்குச் சொல்லிட்டேன்," என்றார் கர்னல். "எனக்கு முதுகு போயிடுச்சு, குனிய முடியாது, அதான் தோள்லேருந்து விட்டேன்னு. வயசானவங்களைக் குனியச் சொல்றது கொடுமை. இதுக்குப் பேரு விளையாட்டா?"

தோள் கட்சி ஆமோதித்து உறுமியது. அந்தக் கட்சி பிறந்ததே கர்னலின் முதுகிலிருந்துதான்.

"குனிய முடியாதவங்களுக்கு விதியில வேற வழி இருக்கு. டாக்டர் சர்டிபிகேட் கொண்டாங்கன்னு கேட்டேன். இன்னும் வரல," என்றார் டீச்சர்.

"என் வார்த்தைக்கு சர்டிபிகேட்டா?"

கடுகுக்குப் பொறுமை தீர்ந்தது. "எனக்கு ஒண்ணு புரியல சார். பந்தைக் கீழ போடறதுல என்ன பெரிய வித்தை? மேலேருந்து போட்டா என்ன, கீழேருந்து போட்டா என்ன? பெரிய மனுஷங்க இதுக்கா அடிச்சுக்கிறீங்க?"

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அதிர்ந்தார்கள். அவர்களுடைய குலதெய்வத்தைப் பழித்திருந்தாலும் இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்கள். இரண்டு கட்சிகளும் அந்த ஒரு நொடி ஒன்றாயின.

"என்ன சொல்லிட்டீங்க?" கர்னலுக்கு மீசை துடித்தது. "இப்ப காட்டறேன், பாருங்க." ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்தார். வலக்கையைத் தோளுக்கு நேரே நீட்டினார். "இது பழைய ரூல். இதுல ஒரு கம்பீரம் இருக்கு. பந்து விழும், துள்ளும், அதிர்ஷ்டம் எங்க கொண்டுபோகுதோ அங்க போகும். அதான் ஆட்டம்." பந்து சிமென்ட் தரையில் விழுந்து எகிறிக் குதித்து, நாற்காலிகளுக்கு அடியில் ஓடி மறைந்தது.

இன்னொரு பந்தை எடுத்தார். "இது இவங்க ரூல்." பந்து முட்டிக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்றது. டொக் என்று விழுந்து, லேசாகத் துள்ளி, அவர் காலடியிலேயே அடங்கியது. "கோழிக்குத் தீனி போடற மாதிரி இருக்கா இல்லையா?"

"அது முட்டி இல்ல சார், தொடை," என்றது முட்டி கட்சியிலிருந்து ஒரு குரல்.

"எது தொடை? கண்ணாடி போடுய்யா." பந்தை வெடுக்கென்று எடுத்து மறுபடி விட்டார். டொக். "இது முட்டியா?"

"இப்ப முட்டிக்குக் கீழ."

"இது?" டொக். "இது?" டொக்.

"மேல." "கீழ." "சரியா இருக்குய்யா, கத்தாத." இரண்டு கட்சிகளும் கழுத்தை நீட்டிப் பந்தை அளந்துகொண்டிருந்தன. பல்டாக்டர் எட்டிப் பார்க்க எழுந்ததில் நாற்காலியும் அவரோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது.

கடுகு மட்டும் சத்தம் ஓயும் வரை காத்திருந்தார். அவர் காத்திருந்து கான்ஸ்டபிள் பார்த்ததே கிடையாது. பயந்துபோனார்.

"கர்னல் சார்," என்றார் கடுகு மெதுவாக. "உங்க முதுகு எப்ப சரியாச்சு?"

கர்னல் கையில் பந்தோடு அப்படியே நின்றார்.

"கான்ஸ்டபிள் உங்க குச்சியை எடுத்துக் கொடுத்து அரை மணி கூட ஆகல. ஷூ லேஸ் கட்ட முடியாதுன்னீங்க. இப்ப முட்டி வரைக்கும் குனிஞ்சீங்க. ஒரு தடவை இல்ல, நாலு தடவை. தரையில கிடந்த பந்தை ஒவ்வொரு தடவையும் நீங்களே பொறுக்குனீங்க. ஒரு முனகல் இல்ல, இடுப்புல கை வைக்கல. இத்தனை பேரும் பாத்துட்டுத்தான் இருந்தாங்க. ஆனா பந்தைப் பாத்தாங்க. உயரம் சரியா தப்பான்னு பாத்தாங்க. எனக்கு உங்க ஆட்டம் தெரியாது. பந்துல பாக்க எனக்கு ஒண்ணும் இல்ல. அதனால ஆளைப் பாத்தேன்."

கர்னலின் கை ஊன்றுகோலைத் தேடிச் சுவரைத் தடவியது.

"போன வருஷம் உங்களுக்கு முதுகு வலி இல்ல. வீம்புக்குத் தோள்லேருந்து விட்டீங்க. தோத்ததும் சாக்கு வேணும், முதுகைப் பிடிச்சுக்கிட்டீங்க. எல்லாரும் இரக்கப்பட்டாங்க, கட்சியே சேந்துடுச்சு. அப்புறம் அந்தப் பொய் வேற விதத்துலயும் உதவும்னு தெரிஞ்சுது. கோப்பை போனா சாவி டீச்சர்கிட்ட. யாராவது பொந்தைக் கண்டுபிடிச்சாலும், குனிய முடியாதவர் மேல சந்தேகம் வராது. பத்து மணிக்கு டீச்சரும் போயிடுவாங்க, அவங்க ரூலும் போயிடும். தலைவரே, மெம்பர்ஸ் பையை எல்லாம் சோதிக்கக் கூடாதுன்னு காலையிலேருந்து என்னைத் தடுத்தீங்கல்ல? இப்பவும் தடுக்கறீங்களா?"

பல்டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். தொங்கிக்கொண்டிருந்த நாற்காலியும் ஆடியது.

கான்ஸ்டபிள் கர்னலின் கோல்ஃப் பையைக் கொண்டுவந்து மட்டைகளை உருவினார். அடியில், ஈரத் துண்டில் சுற்றிய வெள்ளிக் கோப்பை.

"அது என் கோப்பை," என்று கர்னல் கத்தினார். "என் ஆட்டத்துக்குக் கிடைச்ச கோப்பை. எங்கேயோ உக்காந்து எவனோ பேப்பர்ல கிறுக்குனா, நான் இத்தனை வருஷம் நிமிந்து நின்னு ஆடினது தப்பாயிடுமா?"

"ஆட்டத்துல தப்பானா ஒரு அடியோட போச்சு சார்," என்றார் கடுகு. "அந்த அம்மாவைத் திருடின்னு சொன்னீங்களே, அதுக்கு நான் போடப் போற தண்டனை வேற கணக்கு. ஜீப்புல ஏறுங்க."

ஜீப்பின் பின்கதவு உயரம். கர்னல் ஒரே தாவில் ஏறினார். தோள் கட்சிக்காரர்கள் அந்தத் தாவலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

பல்டாக்டர் டீச்சரிடம் நெளிந்துகொண்டு வந்தார். "டீச்சர், மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. அந்த முதல் தீர்மானத்தை எடுத்துடறோம்."

"எடுக்க வேணாம். ஓட்டுக்கு விடுங்க," என்றார் டீச்சர். "என்னைத் திருடின்னு தலையாட்டின அத்தனை பேரும், என் முகத்தைப் பாத்துக் கை தூக்கட்டும். யாரு தூக்கறாங்கன்னு நான் பாக்கணும். அப்புறமும் இந்த வேலையில இருக்கறதா வேணாமான்னு நான் சொல்றேன்."

பல்டாக்டர் வாயை மூடிக்கொண்டு கூட்டத்துக்கு நாற்காலி போடப் போனார்.

கடுகு படியிறங்கும்போது டீச்சர் கூடவே வந்தார்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். உங்க மானமே போயிட்டிருந்துச்சு. உங்க கண்ணு முன்னாடிதான் அந்தாளு குனிஞ்சு குனிஞ்சு நிமிந்தாரு. நீங்க கூடவா கவனிக்கல?"

டீச்சருக்குத் தன் மேலேயே வந்த கோபம் கன்னத்தில் தெரிந்தது.

"முதல் தடவை முட்டிக்கு ரெண்டு விரல் மேலேருந்து விட்டாரு," என்றார். "தப்பு, மறுபடி விடுங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு."