இருவாச்சியும் அவரைத் துருவும்

ஃபஹ்மிதா எடுத்த முதல் சீட்டில் ‘இருவாச்சி’ என்று இருந்தது. அவளுக்கு மகிழ்ச்சி. அவள் வாப்பா விக்கிரமசிங்கபுரத்திலிருந்து மலைக்காட்டிலுள்ள காரையாற்றுக்கு வேன் ஓட்டுகிறார். அந்தப் பெரிய காட்டுப்பறவையை அவர் அவளுக்குக் காட்டியிருக்கிறார்.

இரண்டாம் சீட்டில் ‘அவரைத் துரு’ என்று இருந்தது. ஆறாம் வகுப்பே சிரித்தது.

இது சித்ரலேகா டீச்சரின் வெள்ளிக்கிழமை விளையாட்டு. ஆளுக்கோர் உயிரின் பெயரை எழுதிப் போட வேண்டும். இரண்டு சீட்டு எடுப்பவர், அவை எதில் ஒத்துப்போகின்றன, எதில் வேறுபடுகின்றன என்று மதியத்துக்குப் பிறகு வகுப்பில் சொல்ல வேண்டும்.

“எவம்லே சீக்கை எழுதிப் போட்டது? சீக்குக்கு உயிர் உண்டா?” என்றான் மகேஷ்.

ஹெப்ரான் தலைகுனிந்தான். அவன் வீட்டு அவரைப் பந்தலில்தான் துரு நோய் வந்திருந்தது.

வேண்டுமானால் வேறு சீட்டு எடுத்துக்கொள் என்றார் டீச்சர். எடுத்தால் வேலை எளிது. ஆனால் ஹெப்ரான் இனி எதையும் எழுதிப் போடவே மாட்டான் என்று ஃபஹ்மிதாவுக்குத் தோன்றியது.

“இதுவே இருக்கட்டும் டீச்சர். ஹெப்ரானும் என்கூட வரட்டும்.”

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன ஹெப்ரான், இலை ஒன்றைத் தாளில் மடித்துக் கொண்டுவந்தான். அதன் அடிப்பக்கம் முழுக்கச் செம்பழுப்புப் புள்ளிகள். தொட்டால் பொடி விரலில் ஒட்டியது. அது ஒரு பூஞ்சை, பொடியில் ஒவ்வொரு துகளும் அதற்கு விதை மாதிரி என்றான். உயிருள்ள இலையில்தான் வளருமாம். சருகில் வளராது. பக்கத்தில் நிற்கும் தக்காளிக்கும் ஒன்றும் ஆகவில்லையாம்.

“அப்போ அவரை இல்லன்னா அதுக்குப் பொழப்பு இல்ல,” என்றாள் ஃபஹ்மிதா. “இருவாச்சியும் அப்படித்தான். பெரிய மரத்துப் பொந்து இல்லன்னா முட்டை போட எடம் இல்ல.”

வகுப்பில் அதையே சொன்னார்கள். வேறுபாட்டையும் சொன்னார்கள். அத்திப்பழம் தின்னும் இருவாச்சி, விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது. அங்கே புது மரம் முளைக்கிறது. துருவோ இலையின் சத்தை எடுத்துக்கொள்கிறது; இலைக்கு ஒன்றும் தருவதில்லை.

இலை கைக்குக் கை மாறியது. எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். மகேஷ் இரண்டு தடவை தடவினான்.

மணி அடித்தது. பள்ளித் தோட்டத்து அவரைக்கு அன்று தண்ணீர் ஊற்ற வேண்டியவன் மகேஷ். வாளியோடு ஓடினான்.

ஹெப்ரான் குறுக்கே போய் நின்றான். “ஏலே, பைய. மொதல்ல கையைக் கழுவு.”

“எதுக்கு?”

“இருவாச்சி விதையைச் சொமக்குத மாதிரி, நீ இப்ப துருவைச் சொமந்துக்கிட்டு வார.”

மகேஷ் தன் விரல்களைப் பார்த்தான். வாளியை மெதுவாகக் கீழே வைத்தான்.

குழாயடியில் வகுப்பு முழுவதும் வரிசையில் நின்றது. ஒவ்வொருவர் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே ஹெப்ரான் தோட்டத்துக்குள் விட்டான். மகேஷை மட்டும் இரண்டு தடவை கழுவச் சொன்னான்.