சனிக்கிழமை சார்

சுபஸ்ரீ ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அது அடுத்த சனிக்கிழமையே புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றது.

பக்கத்து வீட்டு ரேஷ்மா, அவள் தம்பி வசீம், எதிர் வீட்டு மைதிலி என மூன்று பேர். ரேஷ்மாவின் கையில் ஒரு டப்பா முறுக்கு வேறு.

“டியூஷன் சார் வந்துட்டாரா?” என்றாள் ரேஷ்மா.

“இன்னும் வரல” என்று சொல்லி, சுபஸ்ரீ அவர்களை உள்ளே உட்காரவைத்தாள்.

ஸ்ரீரங்கத்தில் அவர்கள் குடியிருக்கும் சந்து குறுகலானது. யார் வீட்டுக்கு யார் வந்தாலும் தெரிந்துவிடும். சனிக்கிழமை மத்தியானங்களில் பையோடு ஒருவர் சுபஸ்ரீயின் வீட்டுக்கு வருவதும் தெரிந்துவிட்டது. “யாருடி அவரு?” என்று போன வாரம் ரேஷ்மா கேட்டாள். “கணக்கு டியூஷன் சார்” என்று சுபஸ்ரீ சொல்லிவிட்டாள்.

உண்மையில் அவர் பெயர் சவரிராஜ். அரசு மறுவாழ்வு மையத்தின் ஆலோசகர்.

சுபஸ்ரீயின் அப்பா லக்ஷ்மணன் துவாக்குடியில் வெல்டர். குடியை நிறுத்துவதற்காக அந்த மையத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர். வீட்டுக்கு வந்த பிறகும் துணை வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் அரசாங்கம் சவரிராஜை அனுப்பியது. அவர் ஒரு சின்னக் கருவியில் அப்பாவை ஊதச் சொல்வார். குடித்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். பிறகு, “இந்த வாரம் எப்படிப் போச்சு?” என்று கேட்பார். அப்பா எதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அப்படித்தான் பேச்சு.

ஆனால் இன்று அப்பா சரியாகவே இல்லை. காலையிலிருந்து பீமராவ் போன் செய்துகொண்டே இருந்தார். அப்பாவோடு பட்டறையில் வேலை செய்பவர். நாளைக்குப் பட்டறை ஆட்கள் எல்லோரும் முக்கொம்பு அணையைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்களாம்.

“வயிறு சரியில்ல பீமா… பார்க்கலாம்… சரி, வந்தாலும் வரேன்” என்றார் அப்பா.

முக்கொம்பில் அவர்கள் ஆற்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பமாட்டார்கள் என்று சுபஸ்ரீக்குத் தெரியும். அம்மாவும் வீட்டில் இல்லை. ஜவுளிக் கடை வேலை முடிந்து அவள் வர இருட்டிவிடும்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

“குட் ஆஃப்டர்நூன் சார்!” என்று மூவரும் எழுந்து கத்தினார்கள்.

சவரிராஜ் திரும்பித் தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். யாருமில்லை.

“சார், ஃபீஸ் எவ்வளவுன்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க” என்றாள் ரேஷ்மா.

“ஃபீஸா?”

அவர் சுபஸ்ரீயைப் பார்த்தார். சுபஸ்ரீ மின்விசிறியைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. பையைத் திறந்து கருவியை மேசைமேல் வைத்தார்.

“இது என்ன சார், கால்குலேட்டரா?” என்று கேட்டுக்கொண்டே வசீம் அதை எடுத்து, யாரும் தடுப்பதற்குள் ஊதியும் விட்டான். “சைபர் காட்டுது சார்!”

“வெரி குட்” என்றார் சவரிராஜ்.

வசீம் அசந்துபோனான். சைபர் வாங்கியதற்கு அவனை யாரும் இதுவரை பாராட்டியதில்லை.

அப்பா சட்டென்று எழுந்தார். “பசங்க வந்துட்டாங்க சார். நாம அடுத்த வாரம் பேசிக்கலாமே.”

“இன்னிக்கே பேசுவோம் லக்ஷ்மணன். எத்தனை நேரமானாலும் இருக்கேன்.”

“இல்ல சார். கடைத்தெருவுல ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்.”

அப்பா பைக் சாவியை எடுத்தார். கடைத்தெரு நடந்தே போகும் தூரம்தான். அங்கே டீ குடிக்க பைக் எதற்கு என்று சுபஸ்ரீக்குத் தோன்றியது.

சாருக்குக் காய்ச்சல், எல்லோரும் போங்கள் என்று சொல்லிவிடலாமா? அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அடுத்த சனிக்கிழமையும் இவர்கள் வருவார்களே!

அவள் வாசலுக்கு ஓடி, அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, நான்தான் அவரை டியூஷன் சார்னு சொல்லிட்டேன். நெஜத்தைச் சொல்லிடவா? உங்களுக்கு ஒரு மாதிரி இருந்தா சொல்லல.”

அப்பா குனிந்து அவளைப் பார்த்தார். “உனக்கு வெட்கமா இருந்துச்சாம்மா?”

“கொஞ்சம்.”

“இப்போ?”

“இப்போ நீங்க டீ குடிக்கப் போறதுதான் பயமா இருக்கு.”

அப்பா சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். “சொல்லிடு.”

சுபஸ்ரீ உள்ளே போய், ஒரே மூச்சில் சொன்னாள். “இவர் டியூஷன் சார் இல்ல. எங்கப்பா குடிக்கிறதை விட்டுட்டாங்க. மறுபடி குடிக்காம இருக்கறதுக்கு இவர்கூடப் பேசணும். கவர்மெண்ட்டுலேர்ந்து வராரு. நான் பொய் சொல்லிட்டேன்.”



“இதுதானா?” என்றாள் ரேஷ்மா. “உங்கப்பா போடற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்கும்டி. தெரியாமலா இருக்கும்? இப்பல்லாம்தான் கேக்கறதே இல்ல. அம்மாகூட அன்னிக்குச் சொல்லிட்டு இருந்தாங்க.”

வாசலில் நின்ற அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப டியூஷன் கிடையாதா?” என்று வருத்தத்தோடு கேட்டாள் மைதிலி.

“ஹையா!” வசீம் அதற்குள் தெருவில் இருந்தான்.

ரேஷ்மா முறுக்கு டப்பாவை மேசையில் வைத்தாள். “கவர்மெண்ட் சாரும் முறுக்கு சாப்பிடுவார்ல? சாப்பிடட்டும்.”

மற்றவர்கள் கிளம்பியதும் அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சுபஸ்ரீ வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே முதலில் கருவியின் ‘பீப்’ சத்தம் கேட்டது. பிறகு சவரிராஜின் குரல். பிறகு வெகுநேரம் அப்பாவின் குரல் மட்டும்.

கதவு திறந்தபோது வெயில் சுவரைவிட்டு இறங்கியிருந்தது. சவரிராஜ் ஹெல்மெட்டை மாட்டினார். அப்போது அப்பாவின் போன் அடித்தது. பீமராவ்தான்.

அப்பா சவரிராஜைப் பார்க்கவில்லை. சுபஸ்ரீயைப் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்தார்.

“வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு பீமா. நான் குடியை விட்டுட்டேன். அப்போ லீவு போட்டு ஊருக்குப் போறேன்னு சொன்னது பொய், சிகிச்சைக்குத்தான் போனேன். அதனால முக்கொம்புக்கு நான் வரல.”

மறுமுனையில் ஏதோ மெல்லிய குரல்.

“கிண்டல் பண்றாங்களாப்பா?” என்று சுபஸ்ரீ கிசுகிசுத்தாள்.

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டார். அவர் முகத்தில் ஆச்சரியம். “இல்லம்மா. எப்படி விட்டேன்னு கேக்கறான்.”

அவர் படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “சொல்றேன் பீமா, கேளு…”

சவரிராஜ் மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“சுபஸ்ரீ, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா. இது இப்போதைக்கு முடியாது போலிருக்கு.”